கான்டோ கிராமத்து மண் பள்ளிக்கூடம்

வணக்கம் நேயர்களே.

மேற்கு ஆப்பிரிக்காவில் புர்க்கினா ஃபாசோ என்று ஒரு நாடு இருக்கிறது. கடற்கரை இல்லாத நாடு. 1984 வரை அதற்கு மேல் வோல்டா என்று பெயர். தலைநகர் வாகடூகுவிலிருந்து சுமார் 200 கிலோமீட்டர் தள்ளி, கான்டோ என்று ஒரு சின்னக் கிராமம். இன்றைக்குக் கட்டடக்கலை படிக்கிற எந்த மாணவரைக் கேட்டாலும் இந்த ஊரின் பெயர் தெரியும். காரணம் அங்கே இருக்கிற ஆரம்பப் பள்ளிக்கூடம்.

பள்ளிக்கூடத்தைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் ஒரு சிறுவனைப் பற்றிச் சொல்ல வேண்டும். பிரான்சிஸ் கேரே, 1965இல் பிறந்தவர், ஊர்த்தலைவரின் மூத்த மகன். ஊரில் பள்ளி கிடையாது என்பதால் ஏழு வயதில் டென்கோடோகோ என்ற ஊருக்குப் படிக்க அனுப்பினார்கள். கான்டோவிலிருந்து பள்ளிக்குப் போன முதல் பிள்ளை அவர்தான். அங்கே சிமென்ட் கட்டடம், மேலே தகரம், ஒரே வகுப்பறையில் நூறு பிள்ளைகளுக்கு மேல். வெளியே நாற்பது டிகிரி வெயில் என்றால் உள்ளே எப்படி இருந்திருக்கும்? தகரக் கொட்டகையில் உட்கார்ந்து படித்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

விடுமுறைக்கு ஊருக்கு வந்துவிட்டுத் திரும்பும்போது ஒவ்வொரு வீடாகப் போய் விடைபெற வேண்டும். அப்போது அந்த வீட்டுப் பெண்கள் துணியில் முடிந்து வைத்திருக்கும் கடைசிக் காசை அவிழ்த்து அவர் கையில் வைப்பார்களாம். எதற்காக இவர்கள் எனக்குத் தருகிறார்கள் என்று அம்மாவிடம் கேட்டிருக்கிறார். நீ படித்து முன்னுக்கு வந்து, ஒரு நாள் திரும்பி வந்து ஊருக்கு ஏதாவது செய்வாய் என்ற நம்பிக்கையில்தான் தருகிறார்கள் என்று அம்மா சொன்னாராம். இதை அவரே பல மேடைகளில் சொல்லியிருக்கிறார்.

இந்த விஷயத்தை நான் சும்மா உருக்கத்துக்காகச் சொல்லவில்லை. ஆப்பிரிக்கக் கிராமத்துப் பள்ளி, நன்கொடை என்றதும் நம் மனதில் வரும் படம் ஒன்று உண்டு: கொடுக்கிறவர்கள் வெள்ளைக்காரர்கள், வாங்கிக்கொள்கிறவர்கள் கிராமத்தார். கான்டோவில் முதல் நன்கொடை அந்தப் பெண்களுடையது. ஜெர்மனிப் பணமெல்லாம் அதற்கு ரொம்பப் பின்னால் வந்தது.

சரி, அந்தப் பணம் எப்படி வந்தது? தச்சுத் தொழில் கற்க உதவித்தொகை கிடைத்து 1985இல் கேரே பெர்லின் போனார். பகலில் தச்சு வேலை, இரவில் பள்ளிப்படிப்பு. அப்புறம் பெர்லின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை படிக்க இடம் கிடைத்தது. படித்துக்கொண்டிருக்கும்போதே, 1998இல், கான்டோவுக்குப் பள்ளி கட்ட ஓர் அறக்கட்டளை தொடங்கினார். சக மாணவர்களிடம் போய், காபிக்கும் சிகரெட்டுக்கும் செலவழிப்பதைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு அதை என் ஊர்ப் பள்ளிக்குக் கொடுங்கள் என்று கேட்டிருக்கிறார். இரண்டு வருடத்தில் சுமார் 50,000 டாலர் சேர்ந்தது. 2001இல் பள்ளி எழுந்துவிட்டது. அவர் பட்டம் வாங்கியதோ 2004இல்.

இனிமேல்தான் எனக்குப் பிடித்த பகுதி. கட்டுமானப் பாடம் நடத்துகிறவன் என்பதால் இங்கே கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஜெர்மனியில் படித்தவன் வருகிறான், கண்ணாடியும் கான்கிரீட்டுமாகக் கட்டப்போகிறான் என்று ஊரே எதிர்பார்த்திருக்கிறது. அவரோ மண்ணில் கட்டலாம் என்றார். ஊருக்குக் கோபம். மண் வீடு மழைக்காலம் தாண்டாது என்பது அவர்கள் வருடா வருடம் பார்த்த உண்மை. இதைச் சொல்லவா இத்தனை வருடம் வயலை விட்டுவிட்டு ஐரோப்பாவில் போய்ப் படித்தாய் என்று கேட்டார்கள். என்னைக் கேட்டால் அந்தக் கேள்வியில் தப்பே இல்லை. தலைக்கு மேலே கூரை சரிந்த அனுபவம் இருக்கிறவர்கள் வேறு எப்படிக் கேட்பார்கள்?

பேசிப் பார்த்தால் மட்டும் போதாது என்று தெரிந்து, சோதனைக்கு ஒரு வளைவு கட்டி, அதன்மேல் ஏறிக் குதித்துக் காட்டியிருக்கிறார்கள். பிறகுதான் ஊர் வேலைக்கு இறங்கியது. உள்ளூர்க் களிமண்ணோடு கொஞ்சம் சிமென்ட் சேர்த்து, கையால் இயக்கும் அழுத்து இயந்திரத்தில் போட்டுக் கல் அறுத்தார்கள். சூளை வேண்டாம், விறகு வேண்டாம். நம் ஆரோவில்லில் இந்த மாதிரி இயந்திரங்களைச் செய்து பல நாடுகளுக்கு அனுப்புகிறார்கள், அதனால் இந்தத் தொழில்நுட்பம் நமக்கும் புதிதல்ல.

கான்டோவில் புதிது, அந்தக் கூரை. வகுப்பறைக்கு மேலே சாந்து பூசாமல் அடுக்கிய மண் கல்லில் ஒரு தளம். அதில் காற்றுப் போக இடைவெளிகள். அதற்கும் மேலே, தொடாமல், சுவரைத் தாண்டி நீண்டு நிற்கிற தகரக் கூரை, கட்டடத்துக்குக் குடை பிடித்த மாதிரி. வெயிலில் தகரம் காய்கிறது, ஆனால் அந்தச் சூடு பிள்ளைகளின் தலையில் இறங்குவதில்லை. இரண்டுக்கும் நடுவே காற்று ஓடி அதை அடித்துக்கொண்டு போய்விடுகிறது. உள்ளேயிருக்கும் சூடான காற்று இடைவெளிகள் வழியாக மேலே ஏற, ஜன்னல் வழியாகக் குளிர்ந்த காற்று உள்ளே வருகிறது. மின்விசிறி இல்லை, மின்சாரமே இல்லாத ஊர் அது. மழை சுவரில் அடிக்காது என்பதால் மண் சுவருக்கும் ஆயுசு கூடுகிறது. மூன்று வகுப்பறைகள் வரிசையாக, நடுநடுவே கூரை மட்டும் போட்ட திறந்தவெளி. அங்கேயும் பாடம் நடக்கும், விளையாட்டும் நடக்கும்.

பெரிய இரும்பு உத்தரங்களை லாரியில் கொண்டுவந்து கிரேன் வைத்துத் தூக்க அங்கே வழியில்லை. அதனால் சாதாரணக் கட்டுமானக் கம்பிகளை வாங்கி, கை ரம்பத்தால் அறுத்து, சின்ன வெல்டிங் இயந்திரத்தால் பற்றவைத்துக் கூரைச் சட்டம் செய்தார்கள். செய்தவர்கள் அதே ஊர் இளைஞர்கள், அங்கேயே கற்றுக்கொண்டவர்கள். பிள்ளைகள் கல் சுமந்தார்கள், பெண்கள் தண்ணீர் சுமந்தார்கள். தரை போட்ட விதத்தை நேரில் கேட்டிருக்க வேண்டும்! முதலில் இளைஞர்கள் வரிசையில் நின்று மணிக்கணக்காக மண்ணை இடித்தார்கள். பிறகு பெண்கள் வந்து தண்ணீர் தெளித்துத் தெளித்து, பாட்டுப் பாடிக்கொண்டே தட்டினார்கள். கடைசியில் உட்கார்ந்து கல்லால் தேய்த்து வழவழப்பாக்கினார்கள்.

இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டு நன்கொடையில் கட்டிய பள்ளி என்றால் நான் முதலில் கேட்கிற கேள்வி, ஆசிரியருக்குச் சம்பளம் யார் தருகிறார்கள் என்பதுதான். கட்டடம் கட்டிப் படம் எடுத்துக்கொண்டு போவது சுலபம். கான்டோவில் ஆசிரியர்களை அனுப்பி, சம்பளமும் கொடுத்தது அந்த ஊர் அரசு நிர்வாகம். வேலை கற்றுக்கொண்ட இளைஞர்களையும் அதே முறையில் நடக்கும் மற்றப் பொதுப்பணிகளில் சேர்த்துக்கொள்ள முயற்சி எடுத்தார்கள். பிழைப்புக்காக வேறு நாட்டுக்குப் போக வேண்டியிருந்தவர்களில் சிலருக்கு உள்ளூரிலேயே கூலி கிடைத்தது. பக்கத்துக் கிராமங்களும் இதைப் பார்த்துத் தங்களுக்குப் பள்ளி கட்ட இறங்கின. பிள்ளைகளுக்காகக் கட்டியது அது, ஆனால் முதலில் பாடம் படித்தவர்கள் அங்கே வேலை செய்த பெரியவர்கள்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

2004இல் பள்ளிக்கு ஆகா கான் கட்டடக்கலை விருது கிடைத்தது. அதே காலத்தில் ஆசிரியர்களுக்கு வீடுகள் கட்டினார்கள். இது விருதைவிட முக்கியம்; மின்சாரமில்லாத ஊருக்குப் படித்த ஆசிரியர் வந்து தங்க வேண்டுமென்றால் நல்ல வீடாவது வேண்டாமா? 120 பிள்ளைகளோடு தொடங்கிய பள்ளி, விரிவாக்கத்துக்குப் பிறகு 700 வரை வளர்ந்தது. நூலகத்துக்கு, வீட்டுப் பெண்கள் தலையில் சுமந்துவந்த மண்பானைகளின் வாயையும் அடியையும் வெட்டியெடுத்து, மேல்தளத்தில் பதித்தார்கள். வெளிச்சமும் காற்றும் வருவதற்கு. 2022இல் கேரேவுக்கு, கட்டடக்கலையின் மிக உயர்ந்த கௌரவமாகக் கருதப்படும் பிரிட்ஸ்கர் பரிசு கொடுத்தார்கள். அதைப் பெற்ற முதல் ஆப்பிரிக்கர் அவர்.

கதையை இங்கேயே நிறுத்தினால் கேட்க நன்றாக இருக்கும். ஆனால் அந்த நாட்டின் நிலைமை நன்றாக இல்லை. 2015ஆம் ஆண்டுவாக்கில் தொடங்கிய ஆயுதக் குழுக்களின் தாக்குதல்கள் பரவிப் பரவி, 2023இல் புர்க்கினா ஃபாசோவில் 6,000க்கும் மேற்பட்ட பள்ளிகள் மூடிக் கிடந்தன. கிட்டத்தட்ட நான்கில் ஒரு பள்ளி. ஆசிரியர்கள் மிரட்டப்பட்டார்கள், சிலர் கொல்லப்பட்டார்கள். பல ஊர்களில் பள்ளிக்கூடத்திலேயே இடம்பெயர்ந்த குடும்பங்கள் தங்கின. நாளைக்கு மண் சுவர் ஒன்று இடிந்தால் கான்டோக்காரர்களே திருப்பிக் கட்டிவிடுவார்கள், அந்தக் கைத்தொழில் அவர்களிடம் இருக்கிறது. ஆசிரியர் பயமில்லாமல் வந்து சேர ஒரு சாலை வேண்டுமே, அதை எந்த நன்கொடையாலும் வாங்க முடியாது. அது அரசாங்கங்கள் செய்ய வேண்டிய வேலை.

கேட்டுக்கொண்டிருந்த உங்களுக்கும், பேச அழைத்த நிலையத்தாருக்கும் நன்றி. வணக்கம்.