மூன்று தேநீர், ஏழு கட்டங்கள்

வணக்கம். நேற்றிரவுதான் மங்களூரிலிருந்து திரும்பினேன். கடற்கரைக் காட்சிகளைப் பிறகு தருகிறேன். இன்று துளு மொழியைப் பற்றி மட்டுமே பேசப்போகிறேன். புறப்படும் முன் நண்பர் ஒருவர் அதைக் "கன்னடத்தின் வட்டார வழக்கு" என்று சொன்ன எரிச்சல் எனக்கு இன்னும் தணியவில்லை. 1872-இல் பிரிகல் என்ற மிஷனரி இலக்கணமும், 1886-இல் மென்னர் என்ற மிஷனரி அகராதியும் எழுதிய மொழி அது. 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 18 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அதைத் தாய்மொழியாகப் பதிவு செய்தார்கள். ஆயினும் அரசியலமைப்பின் மொழிப் பட்டியலான எட்டாவது அட்டவணையில் அதற்கு இடமில்லை.

என் வெற்றியைச் சொல்லிவிடுகிறேன். ஒன்று என்பதற்குத் துளுவில் "ஒஞ்ஜி", மூன்றுக்கு "மூஜி", ஆறுக்கு "ஆஜி". நம் றகரம் நிற்கும் இடத்தில் அங்கே ஜகரம் வந்து நிற்கிறது; கன்றுகூடக் "கஞ்ஜி"தான்! தனியாகச் சென்ற நான் ஒரு கடையில் மூன்று தேநீர் வாங்கியதற்குத் தாகம் காரணமன்று. "மூஜி" என்று ஒருமுறையேனும் சொல்லிப் பார்க்கும் ஆசைதான். கடைக்காரர் திருப்பிக் கேட்காமலே மூன்று குவளைகளை வைத்தார். மூன்றையும் குடித்தேன், மொத்தம் 45 ரூபாய்.

எழுத்தில்தான் சிக்கல். ஓலைச்சுவடிகளில் வழங்கிய திகளாரி எழுத்து, மலையாள எழுத்தைப் போலவே கிரந்தத்திலிருந்து பிறந்தது. 2024 செப்டம்பரில் அது ஒருங்குறியில் (யூனிகோடில்) சேர்ந்ததை அறிந்து, இந்தக் காணொளியின் தலைப்பை அவ்வெழுத்திலேயே இட முயன்றேன். என் கைப்பேசியில் ஏழு வெற்றுக் கட்டங்களே தெரிந்தன. எழுத்துரு ஒன்றைத் தேடி நிறுவிய பின்னும் அதே ஏழு கட்டங்கள்! இரவு இரண்டு மணிவரை விழித்திருந்துவிட்டு, இன்று துளுவர்கள் செய்வதுபோல நானும் கன்னட எழுத்திலேயே எழுதினேன்.

ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். அகநானூற்றின் 15-ஆம் பாட்டில் மாமூலனார், வெறுங்கையுடன் வரும் புதியவர்களையும் தாங்கும் பண்புக்குத் துளுநாட்டையே உவமையாக்குகிறார். கடைக்காரர் 45 ரூபாயையும் எண்ணித்தான் வாங்கினார் என்றாலும், மூன்றாவது குவளையை நான் முடிக்கும்வரை அருகிலேயே நின்று, நாற்று நடும்போது தம் பாட்டி பாடிய பாட்தனா (துளு வாய்மொழிக் கதைப்பாடல்) ஒன்றை முணுமுணுத்துக் காட்டினார். ஒலிவாங்கியை அணைத்து வைத்திருந்தேன். என் வழக்கம் உங்களுக்குத் தெரியாததா?

அடுத்த முறை "ஆஜி" சொல்லவேண்டும். தேநீர் வேண்டாம், நீர்தோசை என்றால் ஆறும் உள்ளே போகும்.