சலவைத்தூளும் நீர்த்தேக்கமும்

விழாத் தலைவர் அவர்களே, நீர்வளத் துறைத் தலைமைப் பொறியாளர் அவர்களே, எனக்கு முன்னால் பேசி என் வேலையைப் பாதியாகக் குறைத்துவிட்ட மீன்வளப் பேராசிரியர் அம்மையார் அவர்களே, பொன்னாடை போர்த்திய செயலாளர் அவர்களே, பின்வரிசையில் நின்றுகொண்டே கேட்கும் மாணவச் செல்வங்களே, எல்லோருக்கும் வணக்கம். யார் பெயராவது விட்டுப்போயிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

துணி துவைத்த தண்ணீரோடு சலவைத்தூளின் பாஸ்பரஸ் நீர்த்தேக்கத்துக்குப் போய்ப் பாசியை வளர்க்கிறது. அதைப் பற்றி, பாசி, ஆக்ஸிஜன், அடிச்சேறு என்று மூன்று செய்திகள் சொல்ல வந்திருக்கிறேன்.

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு. பாஸ்பரஸ் விஷமா? இல்லை. அது இல்லாமல் எலும்பு இல்லை, மரபணு இல்லை. மிதக்கும் நுண்பாசிக்குச் சராசரியாக ஒரு பாஸ்பரஸ் அணுவுக்கு 16 நைட்ரஜன், 106 கார்பன் வேண்டும். ரெட்ஃபீல்ட் விகிதம் என்பார்கள். கார்பன் காற்றிலிருந்து கரைந்து வரும். நைட்ரஜனைக் காற்றிலிருந்தே பிடித்துக்கொள்ளும் நீலப்பச்சைப் பாசிகளும் உண்டு. பாஸ்பரஸுக்கு மட்டும் அப்படி ஒரு வழி கிடையாது. கடிவாளம் அதன் கையில்தான்.

இதை நம்ப மறுத்தவர்கள் இருந்தார்கள். ஏரி பச்சையாவதற்குக் கார்பன்தான் காரணம் என்று சலவைத்தூள் தொழில் தரப்பு வாதாடியது. ஏன் வாதாடாது? அன்றைய சலவைத்தூளில் பாஸ்பேட், அதாவது பாஸ்பரஸ் சேர்ந்த உப்பு, தாராளம்! கனடாவில், ஒன்டாரியோவின் காட்டுப் பகுதியில், டேவிட் ஷிண்ட்லர் என்ற விஞ்ஞானி என்ன செய்தார் தெரியுமா? ஒரு முழு ஏரியையே சோதனைக் குழாய் ஆக்கினார். அதற்குப் பெயர்கூட இல்லை, 226 என்ற எண்தான். இடுப்பு ஒடுங்கிய ஏரி. அந்த இடுப்பில் திரை கட்டி இரண்டாகப் பிரித்தார்கள். 1973இல் இரு பக்கமும் கார்பனும் நைட்ரஜனும் போட்டார்கள். ஒரு பக்கத்துக்கு மட்டும் கூடவே பாஸ்பரஸ். அப்புறம் வானத்திலிருந்து ஒரு படம் எடுத்தார்கள். ஒரு பாதி தெளிவாக, மறு பாதி பச்சைக் குழம்பாக! நூறு ஆய்வுக் கட்டுரை செய்யாததை அந்த ஒரு படம் செய்தது. அளவுக்கு மிஞ்சிய அமிர்தத்தைக் கண்ணால் பார்த்தார்கள் ஐயா!

ஆக்ஸிஜனுக்கு வருகிறேன். பகலில் பாசி ஆக்ஸிஜன் தரும், இரவில் அதுவே உறிஞ்சும். மீன்கள் விடியற்காலையில் செத்து மிதப்பது பெரும்பாலும் இதனால்தான். உடனே விஷம் வைத்தவனைத் தேடுகிறோம்! குடிநீருக்கும் ஆபத்துதான். 2014 ஆகஸ்டில் அமெரிக்காவின் டொலிடோ நகரில் குழாய்நீரைக் குடிக்காதீர்கள் என்று அறிவித்தார்கள். ஈரி ஏரியின் பாசி நச்சு, சுத்திகரிப்பைத் தாண்டி வந்துவிட்டது. காய்ச்சினாலும் போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட நச்சு செறிவாகும்.

தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். சரி, அடிச்சேறு இன்னொரு நாளைக்கு.

வயல் உரமும் காரணம், சாக்கடையும் காரணம், மறுக்கவில்லை. ஆனால் அவற்றைத் தடுக்கக் காலமும் பணமும் வேண்டும். சலவைத்தூளுக்கு ஒரு சட்டம் போதும். ஐரோப்பிய ஒன்றியம் 2013இல் வீட்டுச் சலவைத்தூளில் பாஸ்பரஸுக்கு வரம்பு கட்டியது. பாஸ்பேட்டுக்குப் பதில் சியோலைட் என்ற தாதுப்பொருள் இருக்கிறது, துணி வெளுக்காமல் போய்விடாது. பொட்டலத்தின் மேல் பாஸ்பேட் எவ்வளவு என்று பெரிய எழுத்தில் அச்சிட வேண்டும், பிறகு பாஸ்பேட் சேர்ப்பதையே நிறுத்த வேண்டும். இதைத்தான் மேடைதோறும் கேட்டுவருகிறேன். மனுப் படிவம் வாசலருகே மேசையில் இருக்கிறது. முதல் கையெழுத்தைத் தலைமைப் பொறியாளர் அவர்களே போட வேண்டும் என்று எல்லோர் முன்னிலையிலும் கேட்டுக்கொள்கிறேன். நன்றி, வணக்கம்.