சட்டைக்குள் துருத்துவது குழல் இல்லை, பிடி! குட்டி ரிவால்வருக்கு எந்தப் பிடி சரி?

(திரையில்: மேசை மேல் இரண்டு ஜோடி மரப் பிடிகள். துப்பாக்கி இல்லை.)

குழல் இரண்டு அங்குலம்தான். அப்படியும் எதிரே வருகிறவர் உங்கள் இடுப்பைப் பார்த்ததும் கண்டுபிடித்துவிடுகிறார். எதை வைத்து? பிடியை வைத்து. குழல் இடுப்புக்குக் கீழே உடம்போடு ஒட்டிப் படுத்துவிடும். பிடியின் அடிக்கட்டைதான் சட்டையைத் தள்ளிக்கொண்டு வெளியே நிற்கும். குட்டி ரிவால்வர் வாங்குகிறவர்கள் குழல் நீளத்தைப் பற்றி ஆயிரம் கேள்வி கேட்கிறார்கள், பிடியைப் பற்றி ஒன்றுகூடக் கேட்பதில்லை. எனக்கு அது தாங்கவில்லை, அதனால்தான் இந்த வீடியோ.

வணக்கம் மக்களே, காரைக்குடியிலிருந்து பேசுகிறேன். லைசென்ஸ் வைத்திருப்பவர்களுக்கான வீடியோ இது.

பின்னணியைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். 2016 ஆயுத விதிகளின்படி பொது இடத்தில் கைத்துப்பாக்கியை உடம்போடு சேர்ந்த ஹோல்ஸ்டரிலோ (துப்பாக்கி உறை) பையிலோதான் கொண்டுபோக வேண்டும், முழுக்க மூடியிருக்கவும் வேண்டும். ஆக, மறைப்பது அவரவர் விருப்பம் இல்லை, சட்டம். .38 அங்குலம், 9 மி.மீ. எல்லாம் தடை செய்யப்பட்ட குழல் துளை அளவுகள் என்பதால் நம் ஊரில் ரிவால்வர் என்றால் பெரும்பாலும் .32 தான். கான்பூரில் தயாராகி 2014-இல் வந்த நிர்பீக் என்ற .32 ரிவால்வரின் எடை சுமார் 500 கிராம். எடை குறையக் குறைய கையில் உதைப்பு கூடும். பின்னணி அவ்வளவுதான்.

இனி எனக்குப் பிடித்த இடம்.

(திரையில்: அரிவாளின் மரப்பிடி, மிக நெருக்கத்தில்)

நம் சிவகங்கை மாவட்டத்தில் திருப்பாச்சேத்தி அரிவாளைத் தெரியாதவர் உண்டா? நல்ல அரிவாள் பிடியைக் கையில் எடுத்துப் பாருங்கள், அடிப்பக்கம் கொஞ்சம் பருத்திருக்கும். காரணம் இருக்கிறது. வீசும்போது அரிவாள் கையை விட்டு வெளியே ஓடப் பார்க்கும். அடியில் உள்ள அந்தப் பருமன்தான் சுண்டுவிரலில் சிக்கி அதைப் பிடித்து வைக்கிறது.

ரிவால்வரில் நடப்பது நேர் எதிர். சுட்டதும் அது கையை விட்டு ஓடுவதில்லை, உள்ளங்கைக்குள் வந்து மோதுகிறது. குழல் கைக்கு மேலே இருப்பதால் முனை மேல்நோக்கித் திரும்புகிறது. உதைப்பு முழுவதும் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் உள்ள சதையில் விழுகிறது. அப்படியென்றால் பருமன் எங்கே வேண்டும்? மேலே! ஆனால் பழைய தொழிற்சாலைப் பிடிகள் மேலே ஒல்லியாகவும் கீழே விரிந்தும் இருக்கும். 1950-இல் அமெரிக்க நிறுவனமான ஸ்மித் அண்ட் வெஸன் கொண்டுவந்த சீஃப்ஸ் ஸ்பெஷல் என்ற குட்டி ரிவால்வரின் சின்னப் பிடிகளைப் பாருங்கள், அதே கதைதான். தேவையில்லாத இடத்தில் சதை, தேவையான இடத்தில் வெறும் எலும்பு. சட்டையைத் தூக்குவதும் அந்தத் தேவையில்லாத சதைதான்!

இதைத் தலைகீழாகத் திருப்பியவர் கிரெய்க் ஸ்பீகல் என்ற அமெரிக்கப் பிடித் தச்சர். மேலே உள்ளங்கை நிறையும், கீழே போகப் போக ஒடுங்கும், பிடிக்குள் இருக்கும் துப்பாக்கியின் இரும்புச் சட்டகம் முடிகிற இடத்தில் பிடியும் முடியும். பூட் கிரிப் என்பது அதுதான். நடுவிரலும் மோதிர விரலும் பிடிக்கும், சுண்டுவிரல் அடியில் மடங்கிக்கொள்ளும். மூன்று விரலும் பிடிக்கும் நீளப் பிடி சுடுவதற்கு இன்னும் சுகம் என்பது உண்மைதான். ஆனால் அந்த ஒரு விரல் நீளம்தான் இடுப்பில் காட்டிக்கொடுக்கும். எப்போதும் உடம்போடு இருக்கப்போகிற ரிவால்வர் என்றால் என் ஓட்டு பூட் கிரிப்புக்குத்தான், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

நடுவிரல் கணு வலிக்கிறதா? ட்ரிக்கர் வளையத்துக்குப் பின்னால் உள்ள காலி இடம்தான் காரணம். சுடும்போது வளையம் கணுவில் இடிக்கிறது. அந்த இடத்தை நிரப்பும் பிடியாகப் பாருங்கள். ஓக்லஹோமாவின் மெல்வின் டைலர் இதற்கென்றே டி-கிரிப் என்று ஒரு சின்ன அலுமினியத் துண்டு செய்து விற்றார். பழைய பிடியைக் கழற்றி எறியாமலே வலி போயிற்று.

சட்டகத்தின் பின்பக்க இரும்பை மூடும் பிடியா, திறந்து விடும் பிடியா? மூடினால் உள்ளங்கைக்கு இதம். ஆனால் ட்ரிக்கர் தள்ளிப் போகும். ஆள்காட்டி விரலின் நுனிச் சதைக்கும் முதல் மூட்டுக்கும் நடுவில் ட்ரிக்கர் உட்கார வேண்டும். குட்டை விரல்காரர்கள் திறந்த பிடியே வாங்குங்கள். தோட்டா போடும் சிலிண்டர் இடப்பக்கம் திறக்கும் வகையென்றால் இடப் பிடியின் மேல்பகுதி குடைந்திருக்கிறதா என்றும் பாருங்கள், இல்லையென்றால் காலித் தோட்டா அங்கே சிக்கும்.

அப்புறம் ரப்பரா, மரமா? ரப்பர் உதைப்பை வாங்கிக்கொள்ளும், மறுக்கவில்லை. ஆனால் பருத்திச் சட்டையில் ஒட்டிக்கொண்டு, குனிந்து நிமிர்ந்தால் துணியையும் சேர்த்து இழுத்துவரும். வேட்டி கட்டுகிறவர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. வேட்டி மேல் கட்டும் அகலப் பச்சை பெல்ட் கடினமானது இல்லை. பெல்ட்டுக்கு மேலே கனம் கூடினால் ரிவால்வர் வெளிப்பக்கமாகச் சாயும். அதனால் ஒல்லியான, வழவழப்பான மரம்தான் நமக்கு.

மரத்துக்குச் செட்டிநாட்டில் பஞ்சமா? முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் ஒரு ஈட்டி மரத் துண்டு கிடைத்தால் போதும். நிலைக்கதவு செதுக்கும் ஆசாரிகளின் கை வேலை எந்த வெளிநாட்டுப் பிடிக்கும் குறைந்ததில்லை, நெஞ்சில் கை வைத்துச் சொல்கிறேன். தேக்கும் ஆகும், ஆனால் ஈட்டியின் இறுக்கம் அதில் வராது. ஒன்று மட்டும் கவனம்: ரிவால்வரை ஆசாரியிடம் கொண்டுபோகாதீர்கள். லைசென்ஸ் இல்லாதவர் கையில் அதைக் கொடுப்பது குற்றம், துப்பாக்கி பழுதுபார்க்கவும் தனி உரிமம் வேண்டும். வீட்டிலேயே தோட்டாக்களை எடுத்து, சிலிண்டரை இரண்டு தடவை பார்த்து, ஸ்க்ரூவைக் கழற்றி, பழைய பிடிகளை மட்டும் அளவுக்குக் கொடுங்கள். யாராவது தந்தப் பிடி, மான்கொம்புப் பிடி என்று ஆசை காட்டினால் கும்பிடு போட்டு வந்துவிடுங்கள். 1972 வனவிலங்குச் சட்டம் அதற்கு இருக்கிறது.

கட்டம் கட்டமாகச் செதுக்கச் சொல்லாதீர்கள், அது சட்டையின் உள்பக்கத்தைத் தேய்த்துவிடும். இரண்டு பக்கமும் மெல்லிய கீறல் போதும். சித்திரை வெயிலில் வியர்வை இறங்கும் என்பதால் மாதம் ஒரு தடவை பிடியைக் கழற்றி, அடியில் உள்ள இரும்பைத் துடைத்து எண்ணெய் தடவுங்கள்.

புதுப் பிடி மாட்டியதும் வீட்டில் டம்மி தோட்டாவோடு ட்ரிக்கரை இழுத்துப் பாருங்கள், பிறகு ரைபிள் கிளப்பில் சுட்டுப் பாருங்கள். உங்கள் கை பெரிதா சிறிதா, எந்தப் பிடி ஒத்துவந்தது என்று கீழே எழுதுங்கள், எல்லாவற்றையும் படிக்கிறேன். அடுத்த வீடியோ வேட்டிக்கு ஏற்ற ஹோல்ஸ்டர். சப்ஸ்கிரைப் பண்ணி வையுங்கள்.