2இன் வர்க்கமூலம் ஏன் பின்னமாவதில்லை?

நேயர்களுக்கு வணக்கம். கல்லடியிலோ கல்முனையிலோ வீடு கட்டத் தொடங்கும் வளவில் சற்று நின்று பார்த்தால், அத்திவாரத்துக்கு நூல் கட்டிய மேசன் மூலையை எவ்வாறு சரிபார்க்கிறார் என்பது தெரியும். ஒரு நூலில் 3 அடியும் மற்றைய நூலில் 4 அடியும் அளந்து குறியிட்டு, இரு குறிகளுக்கும் இடைப்பட்ட தூரம் 5 அடியாக இருந்தால் மூலை செங்கோணம் என்று அவர் முடிவு செய்கிறார். 3இன், 4இன் வர்க்கங்களான 9உம் 16உம் சேர்ந்த 25 நிறைவர்க்கம், அதாவது 5 என்னும் முழு எண்ணின் வர்க்கம், என்பதால் நாடாவில் சரியான கோடு கிடைத்துவிடுகிறது. அதே வீட்டில் 10 அடிக்கு 10 அடியான அறையின் மூலைவிட்டமோ 200இன் வர்க்கமூலம். அது 14 அடி 1 அங்குலத்தைத் தாண்டியும் 2 அங்குலத்தை எட்டாமல், நாடாவின் எந்தக் கோட்டிலும் சரியாக அமையாத நீளம்.

200 என்பது 100இன் இருமடங்கு என்பதால் கேள்வி 2இன் வர்க்கமூலத்தில் வந்து நிற்கிறது. கணிகருவி 1.414213562 என்று காட்டி நின்றுவிடுவதால், அதுவே முழு விடை என்று பிள்ளைகள் பலர் எண்ணிக்கொள்கிறார்கள். அந்த எண்ணை வர்க்கித்தால் கடைசி இலக்கம் 4 ஆகும். பூச்சியமல்லாத எந்த இலக்கத்தின் வர்க்கமும் 1, 4, 5, 6, 9 ஆகியவற்றுள் ஒன்றிலேயே முடியும், பூச்சியத்தில் முடியாது. ஆகவே எந்த முடிவுறு தசமத்தின் வர்க்கமும் சரியாக 2 ஆகாது.

அப்படியானால் அது மீளும் தசமமாக, அதாவது ஒரு பின்னமாக இருக்கலாமே என்று கேட்கும் மாணவரை மனமாரப் பாராட்ட வேண்டும். பாடத்தின் உயிர் அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. ஒரு பின்னத்தின் வர்க்கம் 2 எனின், தொகுதியின் வர்க்கம் பகுதியின் வர்க்கத்தைப் போல் இருமடங்காக வேண்டும். எந்த முழு எண்ணை வர்க்கித்தாலும் அதன் முதன்மைக் காரணிகள் ஒவ்வொன்றும் இருமுறை வருவதால், வர்க்கத்தில் 2 என்னும் காரணி இரட்டைத் தடவைகளே இருக்கும். அவ்வர்க்கத்தை இருமடங்காக்கினால் இன்னுமொரு 2 சேர்ந்து அது ஒற்றைத் தடவைகளாகிவிடும். ஒரே எண்ணில் இரண்டும் பொருந்தாது. எனவே அப்படியொரு பின்னம் இல்லை. இதே நியாயம் 7க்கும் 72க்கும் செல்லும்: ஒரு நேர் முழு எண்ணின் வர்க்கமூலம் முழு எண்ணாக இருக்கும், இல்லையேல் விகிதமுறா எண்ணாக, அதாவது பின்னமாக எழுத முடியாத எண்ணாக, இருக்கும்.

பின்னங்கள் அதை நெருங்கலாம். பண்டைய இந்திய வடிவியல் நூல்களான சுல்ப சூத்திரங்களில் வரும் மதிப்பைச் சுருக்கினால் 577இன் கீழ் 408 கிடைக்கிறது. 577இன் வர்க்கம் 332929. 408இன் வர்க்கத்தின் இருமடங்கு 332928. வித்தியாசம் ஒன்றே ஒன்று. ஆனால் எந்தப் பின்னத்தை எடுத்தாலும் அந்த ஒன்றாவது மிஞ்சும் அல்லது குறையும்.

தசமங்களில் மட்டும் கூடுதல் கவனம் தேவை. 0.04இன் வர்க்கமூலம் 0.2 என்பதைக் கொண்டு 0.4இன் வர்க்கமூலத்தையும் 0.2 என எழுதுவது அடிக்கடி நேரும் பிழை. 0.4ஐச் சுருக்கினால் ஐந்தில் இரண்டு. 2உம் நிறைவர்க்கமன்று, 5உம் நிறைவர்க்கமன்று. ஆகவே அதன் வர்க்கமூலம் ஏறத்தாழ 0.632 ஆகும் விகிதமுறா எண். தசமத்தை முதலில் சுருங்கிய பின்னமாக எழுதி, தொகுதியையும் பகுதியையும் தனித்தனியே காரணிப்படுத்திப் பார்க்குமாறு பிள்ளைகளைப் பழக்குங்கள். நன்றி, வணக்கம்.