ஆலை போனது பதினைந்து மைல்தான்

நடுவர் அவர்களே, அவையில் இருக்கும் பெரியோர்களே, வணக்கம். அமெரிக்காவின் கார் நகரமான டெட்ராய்ட் சரிந்தது ஆலைகள் போனதாலா, மனிதர்கள் பிரிந்ததாலா என்பது தலைப்பு. மனிதர்கள் பிரிந்ததால்தான் என்று வாதாட வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணி அம்மா, கார் கம்பெனி போனது, வேலை போனது, ஊரும் போனது என்றார். சரி, வேலை போனது உண்மை. 1947க்கும் 1963க்கும் இடையில் 1,30,000க்கும் மேற்பட்ட ஆலை வேலைகள் அந்த நகரத்தை விட்டுப் போயின. ஆனால் எங்கே போயின அம்மா? 1947 முதல் 1958 வரை மூன்று பெரிய கார் கம்பெனிகளும் அந்த வட்டாரத்தில் 25 புதிய ஆலைகள் கட்டின. அத்தனையும் புறநகரில். பெரும்பாலானவை நகர மையத்திலிருந்து பதினைந்து மைலுக்கும் அப்பால். வெள்ளைத் தொழிலாளி ஆலைக்குப் பக்கத்திலேயே வீடு வாங்கிப் போய்விட்டார். கறுப்பினத் தொழிலாளிக்கு அங்கே யாரும் வீடு விற்கவில்லை. அவரை வேலையிலிருந்து பிரித்தது அந்தப் பதினைந்து மைலா, விற்க மறுத்த மனசா?

1950இல் டெட்ராய்ட்டில் சுமார் 18.5 லட்சம் பேர். 2020இல் 6.4 லட்சம்கூட இல்லை. அதே எழுபது ஆண்டுகளில் புறநகரையும் சேர்த்த மொத்த வட்டாரத்தின் மக்கள்தொகை கூடியிருக்கிறது. ஆலைதான் காரணம் என்றால் வட்டாரமே அல்லவா காலியாகியிருக்க வேண்டும்?

இன்னும் சொல்கிறேன். 1943 ஜூன் மாதம். போர்க்காலம், வேலைக்குப் பஞ்சமே இல்லை. பேக்கார்டு என்ற கார் கம்பெனியின் ஆலையில் மூன்றே மூன்று கறுப்பினத் தொழிலாளர்களுக்குப் பதவி உயர்வு கிடைத்தது. அதற்காக 25,000 வெள்ளைத் தொழிலாளர்கள் வேலையை நிறுத்திவிட்டு வெளியே வந்தார்கள். அதே மாதம் கலவரம். 34 பேர் செத்தார்கள், அதில் 25 பேர் கறுப்பர்கள். ஆலை முழுவீச்சில் ஓடிய காலத்திலேயே ஊர் இரண்டாகிவிட்டது.

அந்த ஊரில் ஒரு சுவர் இருக்கிறது, நடுவர் அவர்களே. நகரத்தின் வடக்கு எல்லையான ‘எட்டு மைல் சாலை’க்குத் தெற்கே, அரை மைல் நீளம், ஆறடி உயரம், ஓரடி கனம். வெள்ளையருக்குக் குடியிருப்பு கட்ட வந்த மனை வியாபாரிக்கு, பக்கத்தில் கறுப்பர்கள் குடியிருக்கிறார்கள் என்று அரசின் கடன் உத்தரவாதம் கிடைக்கவில்லை. 1941இல் நடுவே இந்தச் சுவரை எழுப்பினார், கிடைத்துவிட்டது. ஆறடிச் சுவரை ஒரு பையன் ஏறிக் குதித்துவிடுவான். வங்கிக் கடனால் குதிக்க முடியவில்லை. கடன் கிடைத்தவர் வீடு வாங்கினார், பிள்ளைக்குச் சொத்து சேர்த்தார். கிடைக்காதவர் வாடகை கட்டியே ஓய்ந்தார்.

அப்புறம் பள்ளிக்கூடம். நகரத்துப் பிள்ளைகளையும் 53 புறநகர்ப் பள்ளி மாவட்டங்களின் பிள்ளைகளையும் கலந்து படிக்க வைக்கும் திட்டத்தை 1974இல் உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்று தள்ளியது. எட்டு மைல் சாலையைத் தாண்டிவிட்டால் போதும், கலக்க வேண்டியதில்லை என்றாகிவிட்டது. தாண்டியவர்களோடு வரிப்பணமும் தாண்டியது. 2013இல் சுமார் 1,800 கோடி டாலர் கடனோடு நகரம் திவாலானது.

சுவர் இன்னும் நிற்கிறது. அதில் ஒரு பகுதியில், விளையாட்டுத் திடலை ஒட்டி, வண்ணப் படங்கள் தீட்டியிருக்கிறார்கள். இப்போது அதன் இரண்டு பக்கமும் பெரும்பாலும் கறுப்பினக் குடும்பங்களே வசிக்கின்றன. யாருக்காகக் கட்டினார்களோ, அவர்கள் எப்போதோ போய்விட்டார்கள்.