ஒரு வரிக்கு நாலு கேள்வி: கடல் உணவுத் தொழிலில் ஆபத்தையும் வாய்ப்பையும் அளப்பது எப்படி?

[காட்சி: காசிமேடு மீன்பிடித் துறைமுகம், விடியலுக்கு முன். விளக்கொளியில் ஏலக் கூடைகள்.]

குரல்: கூடையில் சங்கரா. செவுளைத் தூக்கிப் பார்க்கிறார்கள், விலை ஏறுகிறது, கூடை கைமாறிவிடுகிறது. அந்த மீன் எந்த வலையில் விழுந்தது, எந்தப் பக்கத்துக் கடல், ஐஸில் எத்தனை நாள் இருந்தது என்று ஏலத்தில் யாரும் கேட்பதில்லை. கேட்டால் பின்னால் நிற்பவர் வாங்கிப் போய்விடுவார். ஆனால் மீன் ஏற்றுமதி செய்பவர், ஓட்டலுக்குச் சப்ளை செய்பவர், இவர்களுக்குக் கடன் கொடுக்கும் வங்கி, எல்லாருடைய பணமும் அந்தக் கேள்விகளில்தான் மாட்டியிருக்கிறது. அடுத்த வருடமும் இந்த மீன் கிடைக்குமா? கிடைத்தாலும் வாங்க ஆள் இருப்பாரா? இந்த இரண்டையும் எப்படி அளப்பது என்று பார்ப்போம்.

[காட்சி: நீளமான கணக்கு நோட்டு. நான்கு கட்டம்: மீன், வலை, இடம், மாதம்.]

குரல்: முதலில் நோட்டு. நீங்கள் வாங்கும் ஒவ்வொரு சரக்குக்கும் ஒரு வரி. வரியில் நாலு கட்டம்: எந்த மீன், எந்த வலை, எந்த இடம், எந்த மாதம். ‘சங்கரா, 2 டன்’ என்று மட்டும் எழுதினால் அது கொள்முதல் கணக்கு. அதே சங்கரா தூண்டிலில் வந்தால் ஒரு வரி, இழுவலையில் வந்தால் வேறு வரி. இரண்டுக்கும் ஆபத்து வேறு. வளர்ப்பு இறால் என்றால் வலைக்குப் பதில் பண்ணை, இடத்துக்குப் பதில் குஞ்சு பொரிப்பகமும் தீவனமும்.

மாதம் எதற்கு என்று தோன்றலாம். பொய்யைப் பிடிப்பதில் அந்தக் கட்டம்தான் கெட்டி.

[காட்சி: நாட்காட்டி. கிழக்குக் கரை, மேற்குக் கரை இரண்டும் இரண்டு நிறப் பட்டைகள்.]

குரல்: கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். விசைப்படகு கடலுக்குப் போகக் கூடாது. மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. இப்போது மே 10 அன்று உங்கள் சப்ளையர் ‘சென்னை விசைப்படகு மீன், பிரெஷ்’ என்று பில் போடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது மேற்குக் கரையிலிருந்து லாரியில் வந்திருக்க வேண்டும், அல்லது குளிர்கிடங்கில் இருந்திருக்க வேண்டும், அல்லது தடையை மீறிப் பிடித்திருக்க வேண்டும். முதல் இரண்டில் பில் பொய், மூன்றாவதில் பிடித்ததே சட்டவிரோதம். ஜூன் 1 முதல் 14 வரை இன்னும் நெருக்கடி. இரண்டு கரையிலும் விசைப்படகு கட்டிக் கிடக்கும். அந்தப் பதினான்கு நாளில் புது மீன் என்றால் பைபர் படகு, நாட்டுப்படகுதான். அவர்கள் கொண்டுவரும் அளவு எல்லாருக்கும் தெரியும். அதற்கு மேல் டன் கணக்கில் வந்தால் சந்தேகப்படுங்கள்.

[காட்சி: மரப்பலகையில் ஒரு வஞ்சிரம், பக்கத்தில் அளவு நாடா.]

குரல்: மீன் கட்டத்தில் பெயரோடு நீளமும் வேண்டும். வஞ்சிரம் ஏறக்குறைய 70 சென்டிமீட்டரில்தான் முட்டையிடும் பருவத்துக்கு வருகிறது. அந்த நீளத்தில் எடை சுமார் மூன்று கிலோ. அரைக் கிலோ வஞ்சிரம் 40 சென்டிமீட்டர்தான் இருக்கும். ஒரு தடவைகூட முட்டையிடாத குட்டி. தட்டில் முழு மீனாக வைக்க வசதி என்று அரைக் கிலோ சைஸை விரும்பிக் கேட்கும் ஓட்டல்கள் உண்டு. தன் சரக்கின் அடுத்த தலைமுறையைத் தானே காலி செய்கிறோம் என்பது அந்த ஆர்டரில் தெரிவதில்லை. கேரளத்தில் மத்திக்கு 10 சென்டிமீட்டர், கானாங்கெளுத்திக்கு 14 சென்டிமீட்டர் என்று குறைந்தபட்ச அளவே வைத்திருக்கிறார்கள். கொள்முதல் ஆர்டரில் ஒரு அளவு வரி சேர்க்கச் செலவு எதுவுமில்லை. வாரத்துக்கு ஒருநாள், ஒரு கூடையில் முப்பது மீனை அளந்து எழுதினால் போதும். சராசரி நீளம் மாதத்துக்கு மாதம் குறைந்தால், வரத்து குறைவதற்கு முன்பே உங்களுக்குச் சேதி வந்துவிட்டது.

[காட்சி: இழுவலையின் மடி, அருகிலிருந்து. சாய்சதுரக் கண்ணி இழுபட்டு மூடுகிறது. பக்கத்தில் சதுரக் கண்ணி திறந்தே நிற்கிறது.]

குரல்: அடுத்து வலை. இழுவலையின் கடைசியில் இருக்கும் பைக்கு மடி என்று பெயர். விழுந்ததெல்லாம் அங்கேதான் சேரும். வழக்கமான மடியில் கண்ணி சாய்சதுரமாக இருக்கும். பாரம் ஏறியதும் நீளவாக்கில் இழுபட்டு மூடிக்கொள்ளும். கரையில் வைத்து அளந்தால் அளவு சரியாக இருக்கும், கடலுக்குள் குஞ்சு மீன்கூட வெளியேற முடியாது. சதுரக் கண்ணி இழுத்தாலும் திறந்தே இருக்கும். கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் 40 மில்லிமீட்டர் சதுரக் கண்ணி மடியைப் பரிந்துரைக்கிறது. ஆகவே சப்ளையரிடம் கண்ணி எத்தனை மில்லிமீட்டர் என்பதோடு நிற்காமல், என்ன வடிவம் என்றும் கேளுங்கள்.

ஆமை விஷயம் தனி. 2025 ஜனவரியில் சென்னைக் கடற்கரையில் நூற்றுக்கணக்கில் பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கியதைப் பார்த்திருப்பீர்கள். ஆமை மூச்சுவிட மேலே வந்தாக வேண்டும். வலையை மணிக்கணக்கில் இழுத்தால் உள்ளேயே மூச்சு முட்டிச் சாகும். இதற்கு ஆமை விலக்கு சாதனம் இருக்கிறது. மடிக்கு முன்னால் சாய்வாகப் பொருத்தும் கம்பிச் சட்டம். கம்பிக்குக் கம்பி இடைவெளி 10 சென்டிமீட்டர். இறால் உள்ளே நழுவிப் போகும், ஆமை சட்டத்தில் மோதி மேலேயோ கீழேயோ உள்ள வாசல் வழியாக வெளியேறும். அந்த வாசலில் பெரிய மீனும் போய்விடும் என்பது படகுக்காரர்களின் குறை. அதில் உண்மை இல்லாமல் இல்லை. சாய்வு சரியில்லாவிட்டாலும், சட்டத்தில் குப்பை அடைத்தாலும் இழப்பு கூடும். ஆனால் மறுபக்கம் பாருங்கள்: இந்தச் சாதனம் முறையாகப் பயன்படவில்லை என்று 2019 முதல் அமெரிக்கா நம் நாட்டுக் கடல் இறாலை வாங்குவதில்லை. ஒரு கம்பிச் சட்டத்துக்காக ஒரு சந்தையே மூடிக் கிடக்கிறது.

[காட்சி: இறால் பண்ணை. காற்றூட்டும் சக்கரம் சுழல்கிறது.]

குரல்: வளர்ப்பு இறாலுக்கு அந்தத் தடை இல்லை. அங்கே ஆபத்து வேறு உருவத்தில் வரும். பண்ணைகளில் வளர்க்கும் வனாமி இனத்தின் தாய் இறால் வெளிநாட்டிலிருந்து வரும்போது நம்ம நீலாங்கரையிலுள்ள நோய்த்தடுப்புக் காப்பகத்தில் தங்கித்தான் பொரிப்பகங்களுக்குப் போகிறது. அதுவரை காவல் கெட்டி. அதற்குப் பிறகு பண்ணைக்குப் பண்ணை மாறும். வெள்ளைப்புள்ளி நோய் வந்தால் இறால் கூட்டமாகச் சாகும், கண்ணுக்குத் தெரியும். இ.எச்.பி. எனும் நுண்ணுயிரி வந்தால் சாகாது, வளரவும் வளராது. தீவனம் தின்றுகொண்டே இருக்கும். அறுவடையன்றுதான் கணக்கு இடிக்கும். மருந்தும் கிடையாது. குஞ்சு விடுவதற்கு முன் பி.சி.ஆர். சோதனை செய்யாத பண்ணையின் வரியில் தயங்காமல் சிவப்பு மை போடுங்கள்.

ஆன்டிபயாட்டிக் பற்றி ஒரு கணக்கு. குளோராம்பெனிகால் தடை செய்யப்பட்டது. கிலோவுக்கு 0.15 மைக்ரோகிராம் இருந்தாலே ஐரோப்பிய ஒன்றியத்தில் நடவடிக்கை. 16 டன் கன்டெய்னர் முழுக்க அந்த அளவு பரவியிருந்தால், மொத்த மருந்து 2.4 மில்லிகிராம். சில சர்க்கரை மணிகளின் எடை. விவசாயி தெரிந்தே அந்த மருந்தை வாங்குவது குறைவு. லேபிள் சரியில்லாத ‘புரோபயாட்டிக்’ பாக்கெட், ‘வளர்ச்சி டானிக்’, இப்படித்தான் குளத்துக்குள் வரும். 2016 முதல் இந்திய வளர்ப்பு இறாலில் பாதிச் சரக்கை ஐரோப்பிய ஒன்றியம் தன் எல்லையில் சோதிக்கிறது. அறுவடைக்கு முன் சோதனைச் சான்று வாங்குங்கள். மாதிரியை எந்தக் குளத்தில் எடுத்தார்கள் என்றும் சரிபாருங்கள். ஒரு குளத்து மாதிரியைக் காட்டி நாலு குளத்து இறாலை ஏற்றுவதுதான் வழக்கமான ஓட்டை.

தீவனத்தை மறந்துவிடக் கூடாது. ஒரு டன் இறாலுக்கு ஒன்றரை டன் தீவனம், அதில் 15 சதவீதம் மீன்தூள் என்று வைத்துக்கொண்டால் 225 கிலோ மீன்தூள். ஒரு கிலோ மீன்தூளுக்கு நாலரைக் கிலோ பச்சை மீன் என்று போட்டால், கிட்டத்தட்ட ஒரு டன் கடல் மீன். பண்ணை இறால் விற்கிறோம், கடலோடு நமக்கு என்ன என்று சொல்பவரின் நோட்டிலும் இழுவலை வரி ஒன்று மறைந்திருக்கிறது.

[காட்சி: பெட்டியில் ஐஸ், மீன், ஐஸ் என அடுக்கு. வெப்பமானி.]

குரல்: ஐஸ். 30 டிகிரியில் ஏறும் ஒரு கிலோ மீனைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவரவே 300 கிராம் ஐஸ் கரைந்துவிடும். மீதி ஐஸ்தான் வெயிலைத் தாங்க வேண்டும். அதனால்தான் நம்ம ஊருக்கு ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ். இதில் கஞ்சத்தனம் செய்தால் கானாங்கெளுத்தி, சூரை போன்ற மீன்களில் ஹிஸ்டமின் எனும் நச்சு உண்டாகும். உண்டானபின் குழம்பு வைத்தாலும் வறுத்தாலும் போகாது.

இடம் என்ற கட்டத்துக்கு எண்ணூர் ஒன்றே உதாரணம் போதும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையோடு எண்ணெய் கழிமுகத்தில் பரவி, படகும் வலையும் பிசுபிசுத்துப் போயின. கழிமுக நண்டும் இறாலும் வாங்குபவர் மாற்று இடம் வைத்திருக்காவிட்டால் அன்றோடு கடை மூட வேண்டியதுதான். உரிக்கும் கூடங்களில் ஒப்பந்தப் பெண்களின் சம்பளப் பதிவேட்டையும் ஒருமுறை நேரில் பாருங்கள். வெளிநாட்டு வாங்குபவர்கள் இப்போது அதையும் கேட்கிறார்கள்.

[காட்சி: நோட்டின் வலப்பக்கம் மூன்று மதிப்பெண் கட்டம்.]

குரல்: இனி மதிப்பெண். ஒவ்வொரு வரிக்கும் மூன்று, ஒன்றிலிருந்து ஐந்து வரை: நடக்க எவ்வளவு வாய்ப்பு, நடந்தால் எவ்வளவு பணம் போகும், நமக்கு எவ்வளவு தாமதமாகத் தெரியவரும். பெருக்குங்கள். ஆன்டிபயாட்டிக் வரிக்கு 2, 5, 4 என்று போட்டால் 40. குளத்துக்குக் குளம் சோதனை வைத்தால் கடைசி எண் 2 ஆகும், மொத்தம் 20. மருந்துக் கடையை நம்மால் திருத்த முடியாது, தெரியவரும் நேரத்தை மாற்ற முடியும். பெரும்பாலான வரிகளில் மலிவான வேலை இந்த மூன்றாவது எண்ணைக் குறைப்பதுதான்.

எல்லா வரியையும் கூட்டிச் சராசரி போடாதீர்கள். நாற்பது வரியின் சராசரி 18 என்று அறிக்கையில் அழகாக இருக்கும், உள்ளே 100 வாங்கிய ஒரு வரி தூங்கிக்கொண்டிருக்கும்.

[காட்சி: கொல்லம் அஷ்டமுடிக் காயல், மட்டி அள்ளும் படகுகள்.]

குரல்: வாய்ப்புக்குத் தனி நோட்டு தேவையில்லை. மதிப்பெண் அதிகம் வாங்கிய வரிகளைப் பாருங்கள். போட்டியாளருக்கும் அங்கேதான் வலிக்கிறது. அஷ்டமுடிக் காயல் மட்டி 2014-ல், கடல் வளத்தைத் தீர்க்காமல் பிடிப்பதற்குத் தரப்படும் எம்.எஸ்.சி. எனும் சர்வதேசச் சான்று பெற்றது, இந்தியாவில் முதல். ஒரே இனம், ஒரே காயல், இனப்பெருக்க மாதங்களில் அள்ளுவதில்லை. அவர்களுக்கு நாலு கட்டமும் ஒரே வரியில் அடங்கியது. காசிமேட்டுக் கலப்பு இழுவலை மீனுக்கு அந்தச் சான்று இப்போதைக்குத் தோதுப்படாது என்பதே எங்கள் கருத்து. அந்தப் பணத்தை ஐஸுக்கும் சதுர மடிக்கும் போடலாம். இறால் பதப்படுத்துபவர்களுக்கு வேறு வாய்ப்பு: தலையும் ஓடுமாக எடையில் 40 சதவீதத்துக்கு மேல் கழிவு. அதிலிருந்து கைட்டின் எனும், ஓட்டுக்கு உறுதி தரும் பொருளை எடுக்கலாம், ஆனால் ஓடு நாற்றமெடுப்பதற்குள் ஐஸில் போய்ச் சேர வேண்டும்.

[காட்சி: மறுபடி நாட்காட்டி. ஜூன் 1 முதல் 14 வரை காலிக் கட்டங்கள்.]

குரல்: எங்கே தொடங்குவது என்று கேட்டால், ஜூன் முதல் இரண்டு வாரத்தில் தொடங்குங்கள். போன வருடம் அந்தப் பதினான்கு நாளில் வந்த பில்களை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் நாலு கட்டத்தையும் நிரப்பப் பாருங்கள். நிரப்ப முடியாத பில் எந்த சப்ளையருடையதோ, அவருக்குத்தான் முதல் போன்.