இரண்டு புள்ளி காணாமல் போனால், அங்கே ஒரு மூலக்கூறு!

[திரையில்: இருட்டில் வரிசை வரிசையாக ஒளிப்புள்ளிகள்]

இந்தப் படத்தைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். ஒவ்வொரு புள்ளியும் ஓர் ஒற்றை அணு. ஆனால் நான் காட்ட வந்தது புள்ளிகளை இல்லை. நடுவில் இரண்டு இடம் காலியாக இருக்கிறதே, அங்கேதான் ஒரு மூலக்கூறு உருவானது!

வணக்கம். நாம் மூச்சில் இழுக்கும் ஆக்சிஜன் மூலக்கூறில் இரு அணுக்களுக்கும் இடைவெளி 0.12 நானோமீட்டர். படத்தில் உருவான இந்த மூலக்கூறில் சுமார் 700 நானோமீட்டர். கிட்டத்தட்ட 6,000 மடங்கு! ஒரு பாக்டீரியாவின் தடிமன் ஏறக்குறைய அவ்வளவுதான். நடுவில் ஒரு பாக்டீரியா நுழைகிற தூரத்தில் நின்றுகொண்டு இரண்டு அணுக்கள் பிணைந்திருக்கின்றன.

அணுவின் வெளி எலக்ட்ரானை மிக உயர்ந்த ஆற்றல் மட்டத்துக்கு ஏற்றினால் அணு உப்பிவிடும். அதுதான் ரிட்பெர்க் அணு. அப்படி இரண்டு சேர்ந்தாலும் எலக்ட்ரானைப் பகிர்வதில்லை, எலக்ட்ரான் மேகங்கள் தொடுவதுகூட இல்லை. தள்ளும் விசையும் இழுக்கும் விசையும் சரியாகும் ஒரு தூரத்தில் நிற்கின்றன. 2002-லேயே கோட்பாட்டாளர்கள் சொன்னது இது. 2019-இல் ஜெர்மனியின் கார்ச்சிங்கில், மாக்ஸ் பிளாங்க் குவாண்டம் ஒளியியல் நிறுவனத்தில் படமாகவே எடுத்துவிட்டார்கள்.

சரி, எப்படி எடுத்தார்கள்? எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

வாசலில் நேர்ப்புள்ளி வைத்த கோலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். லேசர் கதிர்களைக் குறுக்கும் நெடுக்குமாக விட்டால் முட்டை அட்டை மாதிரி ஒளியாலேயே குழிகள் உண்டாகும். தனிச்சுழி வெப்பநிலையை நெருங்கக் குளிர்வித்த ருபீடியம் அணுக்கள், குழிக்கு ஒன்றாக உட்காரும். பக்கத்துப் புள்ளிக்குத் தூரம் 532 நானோமீட்டர். மூலைவிட்டத்தில் 752. நம் மூலக்கூறு கேட்கிற நீளத்துக்கு மிக அருகில்!

இப்போது, எலக்ட்ரானை உயர்ந்த மட்டத்துக்கு ஏற்றப் புற ஊதா லேசர். தனி அணு அந்த ஒளியை விழுங்காதபடி லேசரின் நிறத்தைச் சற்று விலக்கி வைக்கிறார்கள். சரியான தூரத்தில் நிற்கும் ஜோடி மட்டும் இரண்டு ஒளித்துகள்களைச் சேர்ந்து விழுங்கி மூலக்கூறாகும். அப்புறம் அந்த இரண்டு அணுக்களும் குழியைவிட்டுப் போய்விடும். மிச்சமுள்ள அணுக்களை ஒளிரவைத்துப் படமெடுத்தால், கோலத்தில் இரண்டு புள்ளி அழிந்திருக்கும். ஒன்று மட்டும் காணாமல் போவது எந்தக் காரணத்தாலும் நடக்கலாம். ஆனால் படத்துக்குப் படம் மூலைவிட்டத்தில் ஜோடி ஜோடியாகக் காணாமல் போனால்? அதைவிட நல்ல சாட்சி என்ன வேண்டும்!

இன்னும் இருக்கிறது. லேசர் ஒளி அதிரும் திசையைத் திருப்பினால், அழியும் ஜோடிகள் எந்த மூலைவிட்டத்தில் கிடக்கும் என்பதும் மாறுகிறது. மூலக்கூறை இந்தப் பக்கம் படு, அந்தப் பக்கம் படு என்று சொல்லி வைக்கிற மாதிரி! வேதியியலில் இப்படியொரு பிடிமானம் கிடைப்பதை நினைத்தால் எனக்குச் சிலிர்க்கிறது.

[திரையில்: இரண்டு கட்டங்கள், அருகருகே]

இந்த இரண்டு கட்டங்களும் நான் வரைந்தவை. வீடியோவை இங்கே நிறுத்துங்கள். இடப்பக்கம் எத்தனை மூலக்கூறு, எந்த மூலைவிட்டத்தில்? எண்ணிக் கமெண்டில் எழுதுங்கள்.